அல்ப சீமைக்கு ஒரு கோட்டு

பினாங்கு சூலியா தெருவில் கடை வைத்திருந்த மீரா சாகிபுக்குத் தொழில் இரண்டு. ஒன்று தையல், மற்றது வயிற்றெரிச்சல். இரண்டிலும் கைதேர்ந்தவர். தையலுக்காவது வெள்ளிக்கிழமை மத்தியானம் விடுமுறை உண்டு.

எதிர்க்கடை ஹனீபாவுக்குப் புது மிஷின் வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. பக்கத்து மளிகைக் கடையில் கூட்டம் நின்றால் வாசலுக்கு வந்து எச்சில் துப்பிவிட்டுப் போவார். ஆனால் இதெல்லாம் சில்லறை. மொத்த வியாபாரம் முழுவதையும் அவர் தம் சகலை ஷேக் அலாவுதீனுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்.

ஒரே வீட்டில் பெண் எடுத்த இருவரும் விருந்து நாளில் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். அகலத் தட்டு ஒன்று, நடுவில் சோறு, மேலே கறி. மாமனார் கரண்டியைத் தூக்கும்போதெல்லாம் மீரா சாகிபின் கண், கறித்துண்டு எந்தப் பக்கம் விழுகிறது என்றே பார்க்கும். அது அலாவுதீன் பக்கம்தான் விழும். அந்த ஆள் அதைப் பிய்த்துப் பாதியை இந்தப் பக்கம் தள்ளிவிட்டு, "தாபாலா காக்கா, சாப்பிடுங்க" என்பார். காக்கா என்றால் அண்ணன்; தாபாலா, பரவாயில்லை என்பதற்குப் பினாங்கில் எல்லா வாயிலும் புரளுகிற மலாய்ச் சொல். மற்றவர்கள் சும்மா சொல்வார்கள். அலாவுதீனுக்கு உண்மையிலேயே பரவாயில்லை. அதுதான் மீரா சாகிபுக்குப் பொறுக்கவில்லை.

அலாவுதீன் சைஸ் வேலை பார்த்தார். அதாவது, சர்க்காருக்கு ரோடு போடுகிற ஹார்ட்லி துரையின் மோட்டாரை ஓட்டினார். நல்ல உயரம், அகன்ற தோள். கார் சூலியா தெருவில் நுழைந்தால் மீரா சாகிபின் கடை முன்னால் ஹாரன் இரண்டு தரம் அடிக்கும். மூத்த சகலைக்கு மரியாதை என்று அலாவுதீன் நினைத்து அடித்தார். பீற்றல் என்று மீரா சாகிப் நினைத்துக் கேட்டார்.

மீரா சாகிபுக்கும் சொல்லிக்கொள்ள ஒன்று இருந்தது. சீமைக்குப் போக வேண்டும். சீமை என்றால் அவருக்கு லண்டன் மட்டும்தான். சட்டை தைக்க வந்த துரை ஒருவர் விட்டுப்போன லண்டன் தையற்கடைப் படப் புத்தகத்திலிருந்து பக்கங்களைக் கிழித்துச் சுவரில் ஒட்டியிருந்தார். முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஓவர்கோட்டு போட்ட துரைமார்கள் அதில் வரிசையாக நின்றார்கள். வெள்ளைக் காற்சட்டைக்கு அளவு கொடுக்க வருகிற ஒவ்வொரு துரையிடமும், "லண்டன்லே டைலர் நிறையா சார்?" என்று கேட்பார். நிறைய என்று பதில் வரும். அப்படியானால் இன்னொருவனுக்கு இடமிருக்கும் என்று அவர் கணக்குப் போட்டுக்கொள்வார். இருபது வருஷமாக இந்தக் கணக்கு நடந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலிலிருந்து நேராக மீரா சாகிபின் வீட்டுக்கு வந்தார் அலாவுதீன். கூடவே அவர் மனைவி நூர் பீவியும் வந்தாள். அவள் அக்கா ஹபீபா பீவிதான் மீரா சாகிபின் மனைவி. பாய் விரித்தார்கள், கோப்பி வந்தது.

"காக்கா, தொரை ஊரைவிட்டுப் போறாரு. என்னையும் கூப்பிடுறாரு" என்றார் அலாவுதீன்.

"எங்கே?"

"ரெண்டு எடத்தைச் சொல்லி, நீயே பார்த்துக்கன்னுட்டாரு. ஒண்ணு லண்டன். அங்க அவரு அண்ணன் பெரிய மோட்டார் கெரெத்தா வச்சிருக்காராம், ஓட்ட ஆளு வேணுமாம். இன்னொண்ணு தொரையே போற ஊரு. அங்க அவருக்கு ரோடு போடுற வேலை."

மீரா சாகிபின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார். "லண்டனா" என்றார். வாழ்த்துகிற குரலாக அது வரவில்லை. "எப்பக் கப்பல்?"

"லண்டனுக்கா? அதை வேணாம்னுட்டேன்லா காக்கா."

வேணாம் என்றுவிட்டான்! இருபது வருஷமாக ஒருவன் சுவரைப் பார்த்து ஏங்குகிறான். தேடி வந்த அதே லண்டனை இன்னொருவன், வெற்றிலையில் காம்பு கிள்ளிப் போடுவதுபோலப் போட்டுவிட்டு வந்து கோப்பி குடிக்கிறான். கிடைத்துப் போயிருந்தால்கூட மீரா சாகிப் ஒருவழியாகப் பொறுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். இல்லை, பொறுத்திருக்க மாட்டார். ஆனால் இவ்வளவு எரிந்திருக்காது.

"ஏன் வேணாம்?"

"அங்க ஜும்மாவுக்குப் போறதுன்னா ரயிலேறணுமாம். ஹலால் கறிக்கு அலையணும். தொரை போற ஊர்ல முக்காவாசி நம்ம ஆளுங்க காக்கா. பாசார் நடுவுல பள்ளிவாசலு. வெள்ளைத் தோலு, பூனைக் கண்ணு, அந்த ஆளு மினாராவுல ஏறி பாங்கு சொல்றாராம். சீமையில பாங்கு! கேட்டதும் எனக்குப் புல்லரிச்சுப்போச்சு."

"அதென்ன ஊரு?"

"அல்பேனியா."

மீரா சாகிப் அந்தப் பெயரை வாயில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். நாக்கில் சட்டென்று ஒன்று தட்டுப்பட்டது. முகம் மலர்ந்தது.

"அல்பேனியாவா? பேர்லயே அல்பம் இருக்கே தம்பி!"

நூர் பீவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அலாவுதீனும் சிரித்தார். ஹபீபா பீவி மட்டும் புருஷனின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

நல்ல தையற்காரன் துண்டுத் துணியைக்கூட வீணாக்க மாட்டான். மீரா சாகிப் அந்தச் சொல்லைக் கடைக்கு எடுத்துப்போய், வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் ஒட்டுப்போட்டு விட்டார். லண்டன் கிடைத்தும் அல்ப சீமைக்குப் போகிறானாம் என் சகலை. அல்பனுக்கு அல்ப ஊர்தானே பிடிக்கும். அந்த வாரம் முடிவதற்குள் சூலியா தெரு முழுக்க அலாவுதீனுக்கு 'அல்ப சைஸ்' என்று பெயர் விழுந்தது. கோப்பிக் கடைப் பையன்கள்கூடக் கூப்பிட்டார்கள். அவர் கையாட்டிவிட்டுப் போனார்.

அப்படி ஒரு நாடே இருக்காது என்று மீரா சாகிபுக்கு ஒரு நப்பாசையும் இருந்தது. தபாலாபீசில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக் கார்த்திகேசு சட்டைக்கு அளவு கொடுக்க வந்தபோது மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"ஓம், இருக்குதுதானே" என்றார் கார்த்திகேசு. "ரெண்டு தலைக் கழுகு போட்ட தபால் முத்திரை. ராசாவும் இருக்கிறார். சின்னத் தேசம், கன பேருக்குத் தெரியாது."

மீரா சாகிப் அன்றைக்கு அவர் சட்டைக் கழுத்தை ஒரு விரற்கடை இறுக்கமாக வெட்டிவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போய்விட்டது.

பயணத்துக்கு முன்னால் அலாவுதீன் ஒரு பெரிய பொட்டலத்தோடு கடைக்கு வந்தார். உள்ளே கருஞ்சாம்பல் கம்பளித் துணி, பளபளக்கும் உள்துணி, இரண்டுக்கும் நடுவே வைப்பதற்கு மெத்தென்று இன்னொரு கம்பளி. எல்லாம் துரை வாங்கிக் கொடுத்தது.

"போற வழியில லண்டன்ல தச்சுக்கலாம்னாரு தொரை. எங்க காக்கா கை இருக்கும்போது எதுக்கு லண்டன் கைன்னேன்."

பாராட்டுத்தான். ஆனால் அதிலும் லண்டனை ஒரு தள்ளு தள்ளியிருந்தான். மீரா சாகிப் அளவு நாடாவை எடுத்தார். அந்தத் தோள்களுக்கு எட்ட அவர் குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தது. கீழே குந்தியிருந்து முழங்கால் அளவு எடுக்கும்போது, இவன் காலடியில் நான் குந்த வேண்டியதாயிற்றே என்று நினைத்துக்கொண்டார்.

கோபம் இருந்தாலும் கை பொய் சொல்லவில்லை. சுவரிலிருந்த படங்களைப் பார்த்துப் பார்த்து வெட்டினார். கழுத்துப் பட்டை நிமிர்ந்து நின்றது. ஒவ்வொரு காஜாவும் அச்சில் வார்த்ததுபோல இருந்தது. அவர் ஆயுசில் அதுவரை தைத்த எதுவும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்காது. உள்துணியை மூடி, நடுக் கம்பளியை வைத்துத் தைப்பதுதான் மிச்சம்.

ஒரு மத்தியானம், தெரு வெயிலில் கிடந்தபோது, கடைப் பலகைகளைச் சாத்திவிட்டு அந்தக் கோட்டைத் தாமே மாட்டிக்கொண்டார். கண்ணாடி முன்னால் நின்றார். ஒரு கையைப் பைக்குள் விட்டு, படத்திலுள்ள துரையைப்போல மோவாயைத் தூக்கினார். கைகள் விரல் நுனிவரை உள்ளே போயிருந்தன. கோட்டின் அடி கணுக்காலில் புரண்டது. வேர்வை காதோரத்தில் வழிந்து கழுத்துப் பட்டைக்குள் இறங்கியது. ஆனாலும் அவர் கழற்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு லண்டன் பாலத்தின்மேல் நடந்துகொண்டிருந்தார்.

பின்கதவு திறந்தது. சோற்றுக் கேரியரோடு ஹபீபா பீவி நின்றாள்.

"என்ன கோலம் இது?"

"சரியா விழுதான்னு பார்க்க வேணாமா?"

"அவங்க ஒசரத்துக்குத் தச்சதை நீங்க போட்டுப் பார்த்தா எப்படித் தெரியும்?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள், கேரியரை வைத்துவிட்டுப் போனாள். மீரா சாகிப் கோட்டைக் கழற்றினார். கண்ணாடியில் தெரிந்த ஆள் குட்டையாக, வேர்த்து, வாடகை உடுப்புப் போட்ட கூத்தாடிபோல நின்றது அவருக்கு மறுபடி மறுபடி கண்ணில் வந்தது. இதைப் போட்டுக்கொண்டு அவன் சீமைத் தெருவில் நடப்பான். அவனுக்கு இது பொருந்தும்.

உட்கார்ந்தார். நடுவில் வைக்க வேண்டிய கம்பளியை, அலாவுதீனின் முதுகு அளவுக்கு வெட்டியபடியே மடித்து, வெட்டுப் பலகைக்கு அடியில் செருகினார். உள்துணியை வெறுமனே மூடித் தைத்துவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் படைத்தவனைத் தவிர யாருக்கும் தெரியாது. பினாங்கில் எவன் குளிரைக் கண்டான்? அங்கே போய் நடுங்கட்டும். லண்டன் வேண்டாம் என்றவனுக்கு அது போதும். அன்று இரவு மீரா சாகிப் நன்றாகத் தூங்கினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கப்பல் புறப்படும் நாளில் துறைமுகத்துக்குச் சூலியா தெருவே போயிருந்தது. உச்சி வெயில். அலாவுதீன் கோட்டைக் கையில் வைத்திருக்கவில்லை, போட்டிருந்தார். பார்க்கிறவர்களெல்லாம் சிரித்தார்கள்.

"என் சகலை தச்சது, நாலு பேரு பார்க்க வேணாமா?" என்றவர், மீரா சாகிபைக் கட்டிக்கொண்டார். "காக்கா, கனமே தெரியலே! ஓவர்கோட்டை இவ்ளோ லேசாத் தைக்க முடியுமா?"

அப்போதுகூட ஒரு வார்த்தை போதும். கழற்று தம்பி, ஒரு வேலை மிச்சமிருக்கிறது என்றால் கடைக்கு ஓடி எடுத்துவந்திருக்கலாம், கப்பலுக்கு இன்னும் நேரமிருந்தது. மீரா சாகிபின் தொண்டைவரை அது வந்தது. அந்த நேரம் பார்த்து ஹார்ட்லி துரை வந்து அலாவுதீனின் தோளில் கைபோட்டார். ஒரு துரை, ஒரு சைஸின் தோளில், நாலு பேர் முன்னால். வந்த வார்த்தை திரும்பி உள்ளே போய்விட்டது.

புருஷன் ஓர் இடம் பார்த்து அழைத்துப்போகும்வரை நூர் பீவி அக்கா வீட்டில் தங்கினாள். மீரா சாகிபுக்கு வினை வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. டிசம்பர் வந்தால், "மச்சான், இப்ப அங்கே பனி கொட்டுதாம்லா" என்பாள். அவர் கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிடுவார். அலாவுதீன் செத்துத் தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். சாகாமல் அங்கே ராஜாவாட்டம் இருந்தால் என்ன செய்வது என்று இன்னொரு பயம். இரண்டில் எது பெரிது என்று அவருக்கே தெரியவில்லை.

மூன்றாம் வருஷம், மனைவியை அழைத்துப்போக அலாவுதீன் வந்தார். சாகவில்லை. கன்னம் சிவந்து, உடம்பு பூரித்து, தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு வந்து கடையில் உட்கார்ந்தார். தெரு கூடிவிட்டது. ஹனீபா தம் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தார்.

பள்ளிவாசலை ஒட்டி நிற்கும் மணிக்கூண்டைப் பற்றிச் சொன்னார் அலாவுதீன். நெய்ச்சோறு மாதிரி ஒன்று, ஆட்டுக்கறி, தயிர். விருந்தாளி வந்துவிட்டால் வீட்டுக்காரன் தன் படுக்கையையே கொடுத்துவிடுவானாம்.

"இன்னொரு கூத்தைக் கேளுங்க. நாம தலையை இப்படி ரெண்டு பக்கமும் ஆட்டுறோம்லா? அந்த ஊர்ல அதுக்கு ஆமான்னு அர்த்தம். மேலே கீழே ஆட்டினா இல்லேன்னு அர்த்தம். வெள்ளைக்கார தேசம் எல்லாத்துலயும் நம்ம தலையாட்டலைப் பார்த்து முழிப்பானுங்க. அங்க மட்டும் போன அன்னைக்கே எனக்குப் பாஷை வந்துருச்சு!"

தெருவே சிரித்தது. "காக்கா அல்பம்னாங்க. நெசந்தான், சின்ன ஊருதான்" என்றார். "ஆனா தொரை போட்ட ரோட்டுல நான்தான் மொத வண்டி ஓட்டினேன். அது என் ஊரு மாதிரி ஆயிருச்சு." பிறகு கோட்டைத் தூக்கிக் காட்டினார். "ஒரு தடவை மலை மேலே வண்டி பனியில மாட்டிக்கிச்சு. விடியிறவரைக்கும் அங்கேயேதான். எங்க காக்கா தச்ச கோட்டு இல்லேன்னா நான் அன்னைக்கே மையத்து."

எல்லோரும் மீரா சாகிபைப் பார்த்தார்கள். ஹனீபாவின் முகத்தில் பொறாமை தெரிந்தது. தம் ஆயுசில் முதல் தடவையாக இன்னொருவன் தம்மைப் பார்த்து வயிறெரிகிறான்! மீரா சாகிபுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நடுக் கம்பளி இல்லாமலே காப்பாற்றியிருக்கிறது என்றால், தம் கை எப்பேர்ப்பட்ட கை! கோட்டை வாங்கி மடியில் வைத்தார்.

கனத்தது.

அடி ஓரத்தைத் திருப்பினார். அவர் தையல் சாய்ந்து ஓடும், முடிச்சு உள்ளே ஒளிந்திருக்கும். இங்கே தடித்த கறுப்பு நூல், நேர்நேராகக் குத்திய வேறு யாரோ ஒருவனின் தையல். உள்துணியை இரண்டு விரலால் கிள்ளினார். நடுவே ஆட்டு ரோமம், விரல் கனத்துக்கு.

தலை நிமிர்ந்தார். அலாவுதீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓரம் கொஞ்சம் பிரிஞ்சிருந்துச்சு காக்கா. அங்க ஒரு தையக்காரரு சரிபண்ணிக் குடுத்தாரு" என்றார் மெதுவாக. "தாபாலா."

தெரிந்திருக்கிறது. குளிரில் நடுங்கி, பிரித்துப் பார்த்து, வெறுமையைக் கண்டு, வேறொருவனிடம் கொடுத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு, இத்தனை பேர் முன்னால் காக்கா தைத்த கோட்டு என்று சொல்கிறான். உயரத்தில் முந்தினான், சீமையில் முந்தினான், இப்போது நல்லவனாயிருப்பதிலும் முந்திவிட்டான். அதில் மட்டும் எப்படிப் போட்டி போடுவது? கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் மீரா சாகிப் அவனை மன்னித்திருப்பார்.

கூட்டம் கலைந்த பிறகு அலாவுதீன் இன்னொன்றும் சொன்னார். "அந்தத் தையக்காரருக்கு வயசாயிருச்சு. பள்ளிவாசலுக்குப் பின்னாடி கடை. நல்ல கை ஒண்ணு வந்தா விட்டுட்டுப் போயிருவேன்னாரு. உங்களைச் சொல்லி வச்சிருக்கேன் காக்கா. நீங்களும் லாத்தாவும் வாங்க. அக்காளும் தங்கச்சியும் ஒரே ஊர்ல இருக்கட்டும்."

திரைக்குப் பின்னால் ஹபீபா பீவியின் வளையல் சத்தம் நின்றது. சீமை வந்து கடைவாசலில் நின்று கூப்பிடுகிறது. ஆனால் கூப்பிடுகிறவன் இவன். போனால் இவன் கொடுத்த கடை, இவன் கொடுத்த ஊர், இவன் பிய்த்துத் தள்ளிய பாதித் துண்டு. தவிர, ஊர் முழுக்கப் பரப்பிய சொல் வேறு குறுக்கே நின்றது.

"அல்பனுங்க ஊருக்கு நான் வரமாட்டேன்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

துறைமுகத்தில் அக்காளும் தங்கையும் ஒருவரையொருவர் விடவில்லை. பிரித்துத்தான் நூர் பீவியைப் படகில் ஏற்ற வேண்டியிருந்தது. அலாவுதீன் கடைசியாகத் திரும்பி, "இப்பவும் கேட்கிறேன் காக்கா. வர்றீங்களா?" என்றார். மீரா சாகிப் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

அலாவுதீன் சிரித்தார். "அங்க இதுக்கு ஆமான்னு அர்த்தம். சொல்லி வைக்கிறேன்!"

வீட்டுக்கு வந்ததும் ஹபீபா பீவி பெட்டியைத் திறந்து ஒரு துணியை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். அலாவுதீனின் முதுகு அளவுக்கு வெட்டிய கம்பளி.

"பலகைக்கு அடியில கெடந்துச்சு. பூச்சி அரிக்காம வேப்பிலை போட்டு வச்சேன். தங்கச்சிகிட்டச் சொல்லலே. சொல்லியிருந்தா இந்த வீட்டுல அவ ஒரு வாய் சோறு தின்னிருக்க மாட்டா." குரல் உடைந்தது. "எனக்கு இருந்தது அவ ஒருத்திதான். உங்க எரிச்சல்ல என்னையும் கூடப் போக விடாம, அவளைத் தனியா அனுப்பிட்டீங்க."

மீரா சாகிப் அன்றைக்கு மாடியிலிருந்து இறங்கவில்லை.

மனுஷன் மாறிவிட்டார் என்று சொல்ல ஆசைதான். மாறவில்லை. ஆனால் எரிச்சலுக்கும் ஒரு போக்கு உண்டு. நான் இங்கே உட்கார்ந்திருந்தால் அந்தச் சீமை முழுவதும் அவனுக்கே போகிறது, அதை மட்டும் ஏன் விட வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கினார். பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு கடை. தம் பெயர்ப்பலகை. பூனைக் கண் துரைமார் அளவு கொடுக்க வந்து நிற்க, தாம் தலையாட்ட, அவர்களுக்குப் புரிய. வருஷங்கள் போகப் போக, சுவரிலிருந்த லண்டன் படங்களை அவர் பார்ப்பதே குறைந்துவிட்டது. கருநீலத் துணி வாங்கினார். அந்தப் பழைய கம்பளியைத் தம் அளவுக்குக் குறைத்து நடுவில் வைத்து, தமக்கென ஓர் ஓவர்கோட்டு தைத்தார். கார்த்திகேசுவிடம் கப்பல் விவரம் கேட்டார். கடையை எடுத்துக்கொள்ள ஹனீபா ஒத்துக்கொண்டார். "ஹஜ்ஜுப் பெருநாள் கழியட்டும், போவோம்" என்று சொன்ன அன்றைக்கு ஹபீபா பீவி சமையற்கட்டில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள்.

அது முப்பத்தொன்பதாம் வருஷம். பெருநாள் கழிந்தது. பிறகு மழை, பிறகு ஒரு கல்யாண ஆர்டர், அதை முடித்துவிட்டு என்றார். ஏப்ரலில் ஒரு நாள் கார்த்திகேசு பத்திரிகையும் கையுமாகப் படியேறி வந்தார்.

"மீரா சாகிப், உம்மட தேசத்தை இத்தாலிக்காரன் பிடிச்சுப் போட்டான். ராசா ஓடிட்டார்."

உம்மட தேசம் என்று அந்த மனுஷன் தெரியாமல் சொன்னதுதான். மீரா சாகிப் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். சூலியா தெரு எப்போதும்போல இருந்தது. எவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சில மாதம் கழித்து அலாவுதீனும் நூர் பீவியும் வந்து சேர்ந்தார்கள். கையில் ஒரு மூட்டை, தோளில் அந்தக் கோட்டு. நூர் பீவியைக் கண்டதும் ஹபீபா பீவி தெரு என்றும் பாராமல் ஓடினாள். அலாவுதீன் கடைக்குள் வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். நரைத்திருந்தார். கூட்டம் கூடியது.

"நாங்க போட்ட ரோடு காக்கா" என்றார். "கடலோரத்துலேருந்து ஊருக்குள்ளே வர்ற அந்த ரோடு. அதுலதான் அவனுங்க வண்டியெல்லாம் வந்துச்சு. மேடு பள்ளமே இல்லாம, வழுக்கிக்கிட்டு வந்துச்சு. ரோட்டோரத்துல நின்னு பார்த்தேன்." அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. இந்தத் தடவை தாபாலா வரவில்லை. ஹனீபா கோப்பி வாங்கிவந்து கையில் வைத்தார். முன்பு 'அல்ப சைஸ்' என்று கூப்பிட்டவன் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அழுகை கொஞ்சம் அடங்கியபோது அலாவுதீன் நிமிர்ந்தார். ஆணியில் தொங்கிய கருநீலக் கோட்டு கண்ணில் பட்டது. கைநீளத்தையும் அடியையும் பார்த்தால் யாருடைய அளவு என்று கேட்க வேண்டியதில்லை.

"காக்கா... உங்களுக்கா? வர்றதா இருந்தீங்களா?"

மீரா சாகிப் இல்லை என்று தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். அலாவுதீன் அந்த ஊரில் வெகுகாலம் இருந்துவிட்டவர். எழுந்து வந்து அவரை இறுகக் கட்டிக்கொண்டு, முன்னிலும் சத்தமாக அழுதார்.

மீரா சாகிப் அந்தப் பெரிய தோளில் முகம் புதைத்தபடி நின்றார். அவருக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் எதைச் சொல்லி அழுவது? எல்லோரும் அலாவுதீனுக்குத்தான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பறிகொடுத்தேன் என்று அழ அவனுக்கு ஒரு சீமை இருந்தது. அதை நினைக்க நினைக்க மீரா சாகிபுக்கு வயிறு பற்றி எரிந்தது.